பிரம்புக்கும் வாளுக்கும் சனது கேட்போம்: பிலிப்பைன்ஸ் போர்க்கலையும் மோரோ முஸ்லிம்களும்

பிலிப்பைன்ஸ் தீவுகளின் கம்பு, கத்திப் போர்க்கலை இன்று உலகின் பல நாடுகளில் பயிலப்படுகிறது. காவல்துறையினரும் படைவீரர்களும் தற்காப்பை நாடும் பொதுமக்களும் அதனைக் கற்கின்றனர். அர்னிஸ், எஸ்க்ரிமா, 'காலி' என மூன்று பெயர்கள் அதற்கு வழங்குகின்றன. மூன்றாம் பெயரால் அதனைக் கற்பிக்கும் பயிற்சிக்கூடங்கள் பலவற்றில் மாணவனுக்குத் தொடக்கத்திலேயே ஒரு வரலாறு சொல்லப்படும். 'ஸ்பெயினுக்கு முந்நூறு ஆண்டுகள் தலைவணங்காத மோரோ முஸ்லிம்களின் இரகசியக் கலை இது. அவர்களுடைய வாளே கம்பாக உன் கையில் இருக்கிறது' என்பது அதன் சாரம்.

இச்செய்தியைக் கேட்கும் முஸ்லிம் வாசகருக்கு மகிழ்ச்சி உண்டாவது இயல்பே. ஆயினும், மகிழ்வூட்டும் செய்திக்கும் சனது (அறிவிப்பாளர் தொடர்) கேட்க வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. 'இதனை உமக்கு அறிவித்தவர் யார்? அவருக்கு அறிவித்தவர் யார்?' என்று வினவிய ஹதீஸ் கலை வல்லுநர்கள், தமக்கு உவப்பான செய்திகளுக்கு மட்டும் விலக்கு அளித்தார்களில்லை. அதே வினாவை இப்போர்க்கலையின் வரலாற்றிடம் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலையின் அமைப்பு

முதலில் இக்கலை எத்தகையது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். ஏறத்தாழ 70 செ.மீ. நீளமுள்ள பிரம்பே இதன் அடிப்படைக் கருவி. தனிக்கம்பு, இரட்டைக்கம்பு, நீண்ட வாளும் குறுவாளும், வெறுங்கை எனப் பயிற்சி பல பிரிவுகளாக அமைந்துள்ளது. பெரும்பாலான மரபுகளில் தாக்குதல்கள் எண்ணிட்டுக் கற்பிக்கப்படுகின்றன. பன்னிரண்டு என்ற எண்ணிக்கை பரவலாக வழங்குகிறது. இந்த எண் ஆயுதத்தைக் குறிப்பதன்று. அடி வரும் திசையைக் குறிப்பது. இடப்பக்கத் தலையை நோக்கி வரும் வீச்சு கம்பினுடையதாயினும் வெட்டுக்கத்தியினுடையதாயினும் வரும் வழி ஒன்றே. எனவே ஒரு திசைக்குரிய மறுமொழியைக் கற்றவன் பல ஆயுதங்களுக்குரிய மறுமொழியின் அடிப்படையைக் கற்றவனாகிறான். பிற போர்க்கலைகள் பலவற்றில் மாணவன் வெறுங்கையில் தொடங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே ஆயுதத்தைத் தொடுவான். இங்கோ முதல் நாளிலேயே அவன் கையில் ஆயுதம் தரப்படுகிறது.

கம்பு பிடிக்காத கையும் இங்கே சும்மா இருப்பதில்லை. எதிரியின் கையைத் தடுப்பதும் பற்றுவதும் ஆயுதத்தைப் பறிப்பதும் அதன் வேலை. எதிரியின் உடலைவிட, ஆயுதம் ஏந்திய அவன் கையே முதல் இலக்கு. இதனைப் பாம்பின் பல்லைப் பிடுங்குதல் என்று ஆசான்கள் கூறுவர். பாய் முடைவதுபோல் இரு கம்புகளையும் குறுக்கும் நெடுக்குமாக வீசி இருவர் எதிரெதிர் நின்று பழகும் பயிற்சிக்குச் சினவாலி என்று பெயர். முடைதல் என்பதே அச்சொல்லின் பொருள்.

மக்தான் கடற்கரை

இக்கலையின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் 1521 ஏப்ரல் 27 அன்று மக்தான் தீவில் நடந்த சண்டையிலிருந்தே தொடங்குவர். ஸ்பெயின் மன்னருக்காகக் கடல்வழி வந்த மெகல்லன், தீவுத் தலைவர் லாபுலாபுவின் வீரர்களால் அங்கே கொல்லப்பட்டார். அப்பயணத்தில் உடனிருந்த இத்தாலியர் அந்தோனியோ பிகபெட்டா எழுதிவைத்த குறிப்பு நம்மிடம் உள்ளது. மெகல்லனுடன் கரையிறங்கியோர் 49 பேர் என்றும், எதிர்நின்றோர் 1,500க்கும் மேற்பட்டோர் என்றும் அவர் கூறுகிறார். அம்புகள், மூங்கில் ஈட்டிகள், நெருப்பில் வாட்டிய கழிகள், கற்கள் ஆகியவற்றை வரிசைப்படுத்துகிறார். மெகல்லனின் காலை வெட்டி வீழ்த்தியது ஒரு பெரிய வளைவாள் என்கிறார். குறுங்கம்பைக் கொண்டு போரிடும் தனிக்கலை எதனையும் அவர் அங்கே சுட்டவில்லை. லாபுலாபு முஸ்லிம் என்று நம்மவர் சிலர் எழுதுவதற்கும் பிகபெட்டாவிடம் ஆதாரம் இல்லை. அத்தீவினரைப் பழஞ்சமயத்தவராகவே அவர் காட்டுகிறார்.

ஆயினும் அதே குறிப்பில் ஒரு முஸ்லிம் வருகிறார். மெகல்லனின் கப்பல்கள் செபுவை அடைந்தபோது, சயாம் நாட்டுக் கப்பலில் வந்து தங்கியிருந்த முஸ்லிம் வணிகர் ஒருவர் செபுவின் அரசரை எச்சரித்தார். கோழிக்கோட்டையும் மலாக்காவையும் வென்றவர்கள் இவர்களே என்பது அவர் சொன்ன செய்தி. வந்தவர்கள் போர்ச்சுக்கீசியர் அல்லர், ஸ்பானியர் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. எனினும் இந்துமாக் கடலின் வணிகத் துறைகளுக்கு நேர்ந்த கதி அந்தத் தொலைதூரத் தீவிலும் தெரிந்திருந்தது. முஸ்லிம்களின் பங்கு என்று 1521ஆம் ஆண்டின் செபு நிகழ்ச்சிகளில் ஏதேனும் உண்டெனில், அது வாள்வீச்சன்று. உலகறிந்த வணிகர் ஒருவரின் எச்சரிக்கைச் சொல்லே.

மோரோ என்னும் பெயர்

இஸ்லாம் இத்தீவுகளின் தென்பகுதிக்கு ஸ்பானியருக்கு நெடுங்காலம் முன்பே வந்துவிட்டது. சூலுவின் ஹோலோ தீவில் ஹிஜ்ரி 710 (கி.பி. 1310) என்று ஆண்டு பொறித்த முஸ்லிம் கல்லறைக் கல் கிடைத்துள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டில் சூலுவில் சுல்தானியம் அமைந்தது. அடுத்த நூற்றாண்டில் மிந்தனாவோவின் மகிந்தனாவோ பகுதியிலும் முஸ்லிம் அரசு தோன்றியது. 1571இல் ஸ்பானியர் கைப்பற்றிய மணிலாவையும் அப்போது ஆண்டவர்கள் புருணையோடு உறவு கொண்ட முஸ்லிம் தலைவர்களே.

கிரானடாவை 1492இல் வீழ்த்திய ஸ்பானியர், தம் நாட்டு முஸ்லிம்களை அழைத்த பெயராலேயே இத்தீவுகளின் முஸ்லிம்களையும் 'மோரோ' என்றனர். இகழ்ச்சியாக இடப்பட்ட அப்பெயரைப் பிற்காலத்தில் அம்மக்களே தம் உரிமைப் பெயராக ஏற்றுக்கொண்டனர். ஸ்பானியருக்கும் சுல்தானியங்களுக்கும் இடையே நடந்த நெடிய போர்களைச் சீசர் ஆதிப் மஜுல் 1973இல் வெளியான தம் ஆய்வுநூலில் விரிவாக எழுதியுள்ளார். 1596இல் மிந்தனாவோவின் மீது படையெடுத்த பிகெரோவா அங்கேயே உயிரிழந்தார். 1599இல் மகிந்தனாவோ வீரர்கள் ஏறத்தாழ ஐம்பது படகுகளில் விசாயாத் தீவுகளைத் தாக்கினர். 1635இல் ஸ்பானியர் சம்போவாங்காவில் கோட்டை எழுப்பினர். 1637இல் சுல்தான் குதராத்தின் தலைநகரைக் கைப்பற்றினர். ஆனால் அவரைப் பணியவைக்க அவர்களால் இயலவில்லை. முந்நூறு ஆண்டு எதிர்ப்பு என்பது வெற்றுப் பெருமையன்று, வரலாற்று உண்மை.

கடற்கரை ஊர்களின் அச்சம்

அந்த உண்மைக்கு மறுபக்கமும் உண்டு. ஸ்பானியப் படையெடுப்புகளில் துடுப்பு வலித்தவர்களும் போரிட்டவர்களும் பெரும்பாலும் விசாயாத் தீவுகளின் கிறித்தவ மக்களே. பதிலடியின் சுமையும் அவர்கள் ஊர்களின் மீதே விழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்போர் வேறோர் உருவம் கொண்டது. சீனத் தேயிலையை நாடிய ஆங்கில வணிகம், அதற்கு மாற்றாகச் சீனர் விரும்பும் கடலட்டை, பறவைக்கூடு, முத்து ஆகியவற்றைச் சூலுவில் தேடியது. அவற்றைச் சேகரிக்க ஆட்கள் தேவைப்பட்டனர். இரானுன், பலாங்கிங்கி கடலோடிகள் விசாயாக் கடற்கரைகளில் இறங்கி மக்களைச் சிறைபிடித்துச் சென்றனர். 1770க்கும் 1870க்கும் இடையே சூலுவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் இரண்டு முதல் மூன்று இலட்சம் பேர் என வரலாற்றறிஞர் ஜேம்ஸ் வாரன் மதிப்பிடுகிறார். தப்பி வந்த சிறைப்பட்டோரின் வாக்குமூலங்களும் அவருடைய ஆய்வுக்கு அடிப்படை. 1848இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா நீராவிக் கப்பல்களுடன் பலாங்கிங்கி கோட்டைகளைத் தகர்த்த பின்னரே இப்பயணங்கள் தளர்ந்தன.

இதனை முஸ்லிம் இதழொன்றில் எழுதுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. படையெடுத்து வந்த பேரரசை எதிர்த்துப் போரிடுவது வேறு. வயலில் நின்ற உழவனையும் கரையில் வலை உலர்த்திய பெண்ணையும் விலைக்காகப் பிடித்துச் செல்வது வேறு. ஸகாத் நிதிக்குரிய எட்டு இனங்களுள் அடிமைகளை விடுவித்தலும் ஒன்று என வகுத்த மார்க்கத்தைப் பின்பற்றுவோர், முன்னதைப் போற்றுவதற்காகப் பின்னதை மறைக்க வேண்டியதில்லை.

விசாயா மக்கள் கைகட்டி நிற்கவில்லை. கடற்கரை நெடுகக் கல்லாலான காவற்கோபுரங்களைக் கட்டினர். செபுத் தீவின் போல்ஹோவோன் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பங்குத்தந்தையாக இருந்த ஹூலியன் பெர்மேகோ, கோபுரத்துக்குக் கோபுரம் செய்தி அனுப்பும் முறையையும் உள்ளூர்ப் படகுப் படையையும் அமைத்தார். எஸ்க்ரிமா உருவானது இச்சூழலில்தான் என நெபாங்கே, மகாச்சோர் ஆகிய செபு ஆய்வாளர் இருவர் 2007இல் வெளியிட்ட நூலில் வாதிடுகின்றனர். தற்காப்புக்காக ஊர்மக்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியில் ஸ்பானிய வாள்வீச்சும் உள்ளூர்ப் பழக்கமும் கலந்தன என்பது அவர்கள் முடிவு. இம்முடிவின் ஒவ்வொரு கூறும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பயிற்சிக்கூடக் கதையைவிட இதற்குச் சான்றுகள் மிகுதி. இது சரியெனில், மோரோக்களின் இரகசியம் என்று சொல்லப்படும் இக்கலை, மோரோக்களின் படகுகளுக்கு அஞ்சிய ஊர்களில் வளர்ந்ததாகும்!

பெயர்கள் கூறும் சாட்சியம்

கலைச்சொற்களும் இதையே சுட்டுகின்றன. எஸ்க்ரிமா என்பது வாள்வீச்சைக் குறிக்கும் 'எஸ்கிரிமா' என்ற ஸ்பானியச் சொல்லின் திரிபு. அர்னிஸ் என்பது கவசத்தைக் குறிக்கும் 'அர்னெஸ்' என்பதிலிருந்து வந்தது. வாளும் குறுவாளும் சேர்ந்த பயிற்சி 'எஸ்பதா இ தகா' எனப்படுகிறது. விசிறி போன்ற வீச்சு 'அபனிகோ', வட்ட வீச்சு 'ரெதோண்டா', தனிக்கம்பு 'சோலோ பஸ்தோன்' என்று வழங்குகின்றன. இவை யாவும் ஸ்பானிய வழிச் சொற்கள். சொல் இரவல் என்பதால் கலை முழுவதும் இரவல் என்று கொள்வது பிழை. இத்தீவினர் ஸ்பானியர் வருமுன்பே வாளேந்திப் போரிட்டவர்கள் என்பதற்கு மக்தானே சான்று. ஆனால் இன்று நாம் காணும் பயிற்சிமுறை காலனிய காலத்தில் வடிவம் பெற்றது என்பதற்கு இச்சொற்கள் வலுவான அடையாளங்கள்.

கவசம் என்ற சொல் கலைப்பெயரானதற்கு மோரோ–மோரோ நாடகங்களைக் காரணம் காட்டுவர். குதராத்தின் தலைநகர் வீழ்ந்ததைக் கொண்டாடி 1637இல் மணிலாவில் ஒரு நாடகம் நடிக்கப்பட்டது. அதன் வழியில் கிறித்தவ இளவரசனும் முஸ்லிம் இளவரசனும் மோதும் நாடகங்கள் ஊர்த் திருவிழாக்களில் வேரூன்றின. அவற்றில் முஸ்லிம் எப்போதும் தோற்பான். முடிவில் மதம் மாறுவான். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் மேடைதோறும் தோற்கடிக்கப்பட்ட அதே மோரோ, இருபதாம் நூற்றாண்டின் பயிற்சிக்கூடத்தில் வெல்லமுடியாத ஆசானாக எழுந்து நிற்கிறான். இரண்டும் பிறர் வரைந்த உருவங்களே; மெய்யான மோரோவை இரண்டிலும் காண இயலாது.

மெய்யான மோரோவின் வாள்

மோரோக்களுக்கெனப் போர்மரபு இல்லையா? உண்டு, அதற்குத் தனிப்பெயரும் தனிக்கருவிகளும் உண்டு. நுனியை நோக்கி அகலும் நீண்ட கம்பிலான், ஜாவாவின் குறுவாளைவிடப் பெரிதாகி வெட்டுவதற்கும் பயன்படும் கிரிஸ், இலைவடிவிலான தவ்சூக் மக்களின் பாரோங் ஆகியவை அவர்களுடைய வாள்கள். அவர்களிடையே பயிலப்படும் கலைகள் சிலாத், குந்தாவ் என்பன. மலாய் உலகம் முழுவதற்கும் பொதுவான மரபோடு இவை உறவுடையவை. பன்னிரண்டு எண்ணிட்ட அடிகளும் ஸ்பானியக் கலைச்சொற்களும் கொண்ட முறை அங்கிருந்து வந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்கர் வந்த பின்னர் இம்மக்களைப் பற்றிய கதைகள் பெருகின. ஸ்பானிய ஆட்சியின் இறுதிக்காலத்தில் தவ்சூக் தனிமனிதர் சிலர் உயிரைப் பொருட்படுத்தாது எதிரிகள் நடுவே பாய்ந்தனர். இதனைத் தவ்சூக் மக்கள் 'பர்ராங் சபீல்' என்றனர். கூட்டான எதிர்ப்பு உடைந்த நிலையில் எழுந்த கடைசி முயற்சி இது. பயிற்சியால் வந்த போர்நுட்பமன்று. இதனை வெறியாட்டமாகக் காட்டிய ஐரோப்பியரும், போர்க்கலையின் உச்சமாகக் காட்டும் இன்றைய பயிற்சியாளரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். அமெரிக்கக் கடற்படைவீரர் கழுத்தில் தோல்பட்டை அணிந்தது மோரோ வாளுக்கு அஞ்சியே என்றும் ஒரு கதை உண்டு. அப்பட்டை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவர்களுடைய சீருடையில் இடம்பெற்றுவிட்டது. அப்போது அவர்கள் மோரோக்களோடு போரிடத் தொடங்கவில்லை.

இக்கதைகளின் ஆரவாரத்தில் மறைந்துபோவது 1906 மார்ச் மாதம் ஹோலோ தீவின் புத் தாஹோ மலையில் நடந்தது. எரிமலை வாயில் தஞ்சமடைந்திருந்த முஸ்லிம்களை அமெரிக்கப் படை பீரங்கியாலும் துப்பாக்கியாலும் தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட அறுநூறு முதல் ஆயிரம் பேர்வரை மாண்டனர் எனக் கணக்கிடப்படுகிறது. அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் கிரிஸும் பாரோங்கும் ஈட்டியுமே. வெல்லமுடியாத வாள் என்னும் புனைவு இங்கே கேட்பாரற்று விழுகிறது. 1913இல் புத் பக்சாக் மலையிலும் இத்துயரமே மீண்டும் நிகழ்ந்தது.

சனது அறுபடும் இடம்

அப்படியாயின் பயிற்சிக்கூடக் கதை எங்கிருந்து வந்தது? செபு நகரில் 1920இல் லபாங்கோன் வாள்வீச்சுக் கழகமும், அது கலைந்தபின் 1932இல் தோசே பாரெஸ் கழகமும் தோன்றின. கன்யெதே, சாவேத்ரா குடும்பத்தார் அவற்றில் முன்னின்றனர். 1952இல் வெனான்சியோ பேக்கன் பிரிந்துசென்று பலிந்தவாக் என்னும் மரபை நிறுவினார். இவ்வளவில் பெயர்களும் ஆண்டுகளும் தெளிவாக உள்ளன. இதற்கு முந்திய காலத்தை நாடும்போதுதான் தொடர் அறுகிறது.

1957இல் பிளாசிடோ யம்பாவோ வெளியிட்ட அர்னிஸ் நூலின் வரலாற்றுப் பகுதி, 'காலி' என்பதே இக்கலையின் பழம்பெயர் என்றது. கை எனப் பொருள்படும் 'கமோத்', அசைவு எனப் பொருள்படும் 'லிஹோக்' ஆகிய சொற்களின் முதலசைகளைச் சேர்த்து அப்பெயருக்கு விளக்கம் கூறினர் சிலர். வாளைக் குறிக்கும் 'கலிஸ்' என்ற பழஞ்சொல்லோடு இணைத்தனர் வேறு சிலர். போர்னியோவிலிருந்து பத்துத் தலைவர்கள் இக்கலையைக் கொண்டுவந்தார்கள் என்போர் காட்டுவது, 1907இல் அச்சான 'மரக்தாஸ்' என்னும் நூலையே. பழங்காலச் சட்டமாகப் போற்றப்பட்ட 'கலந்தியாவ் சட்டம்', ஹோசே மார்க்கோ என்பவரால் 1914இல் நூலகத்துக்குக் கொடுக்கப்பட்ட போலி ஆவணம் என்பதை வில்லியம் ஹென்றி ஸ்காட் 1960களில் நிறுவினார். இத்தகைய அடித்தளத்தின்மீதே பழம்பெருமையின் பெரும்பகுதி எழுப்பப்பட்டுள்ளது.

ஹவாய்க்குக் குடியேறிப் புகழ்பெற்ற ஆசான் பிளோரோ வில்லாபிரில்யே பற்றி வழங்கும் செய்தி இன்னும் வியப்புக்குரியது. சாமார் தீவில் பார்வையற்ற முஸ்லிம் இளவரசி ஒருவரிடம் அவர் கற்றதாகக் கூறுவர். அவ்விளவரசியின் பெயர் ஹோசபினா! சாமார் முஸ்லிம் அரசு நிலவிய தீவன்று. சூலுக் கடலோடிகளின் தாக்குதலுக்கு ஆளான கிறித்தவத் தீவு. வில்லாபிரில்யேயின் திறமை ஐயத்துக்குரியதன்று. ஐயத்துக்குரியது அத்திறமைக்குச் சூட்டப்பட்ட சனது மட்டுமே.

கலிபோர்னியாவின் பண்ணைகளில் உழைத்த பிலிப்பைன்ஸ் குடியேறிகள் இக்கலையைத் தமக்குள் காத்துவந்தனர். ஆங்கெல் கபாலெஸ் 1966இல் ஸ்டாக்டனில் பொதுப்பள்ளி தொடங்கினார். அவர்களிடம் கற்ற டான் இனோசாண்டோ 1980இல் வெளியிட்ட நூலாலும் பயிற்சி முகாம்களாலும் 'காலி' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. வெள்ளையர் ஆதிக்கம் மிகுந்த நாட்டில் கூலிகளாக இகழப்பட்ட மக்களுக்கு, அடிபணியாத ஒரு மூதாதை தேவைப்பட்டார். அந்த இடத்தில் மோரோவை அவர்கள் நிறுத்தினர். இந்தத் தேவையை நாம் புரிந்துகொள்ளலாம். அதனை வரலாறாக ஏற்கலாகாது. பிலிப்பைன்ஸ் அரசு 2009இல் 9850ஆம் எண் சட்டத்தின் மூலம் இதனைத் தேசியப் போர்க்கலையாக அறிவித்தபோது தேர்ந்துகொண்ட பெயர் அர்னிஸ் என்பதே.

கற்போர்க்கு

வரலாற்றுக் கதை பொய்த்ததால் கலை பொய்யாகிவிடாது. செபுவில் கவசமின்றி நடந்த போட்டிகளில் சோதிக்கப்பட்ட முறை இது. மெய்யான மோதலுக்கு இது தருவன மூன்று: தொலைவை அளக்கும் கண், அடி வரும் திசையை நொடியில் அறியும் பழக்கம், கைக்குக் கிட்டும் குடையையோ கழியையோ கருவியாக்கும் ஆற்றல். ஆனால் இங்கும் பொய்ப்பெருமை ஊறு விளைவிக்கும். ஒத்துழைக்கும் தோழனோடு அழகாக ஓடும் பயிற்சி, உண்மையான எதிரியிடம் அவ்வாறு ஓடாது. கனத்த கவசம் அணிந்த போட்டியில் அடியை வாங்கிக்கொண்டே அடிப்பவன், கூரிய கத்தியின் முன் அதே பழக்கத்தால் மாள்வான். கத்திக்கு எதிரே வெறுங்கையால் நிற்பதைவிட விலகி ஓடுவதே மேல் என்று நேர்மையான ஆசான்கள் சொல்வர். 'வெல்லமுடியாத மறவர்களின் இரகசியம்' என்ற சொல்லில் மயங்கியவனுக்கு இந்த அறிவுரை காதில் ஏறுவதில்லை. சனதைச் சோதிக்காத செய்தி இங்கே உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

ஈத் நாளில் பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட்டு நிகழ்த்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அனுமதித்தார்கள். விளையாட்டாகவேனும் சகோதரனை நோக்கி ஆயுதம் நீட்டுவதை அவர்களே தடுத்தார்கள். திறமைக்கு இடமும் செருக்குக்குத் தடையும் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்ததே நம் மரபு.

சூலு, மிந்தனாவோ முஸ்லிம்களின் வரலாறு இரவல் புகழை வேண்டி நிற்பதன்று. பேரரசுகளை எதிர்த்து நின்ற குதராத்தின் உறுதியும், புத் தாஹோவில் மடிந்தோரின் துயரமும், விசாயாவிலிருந்து கவர்ந்துசெல்லப்பட்டோரின் கண்ணீரும் சேர்ந்ததே அவ்வரலாறு. அதில் நமக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால், மோரோ–மோரோ நாடகத்தை எழுதியவர்கள் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். பிரம்பைப் பிடிக்கும் இளைஞன் தன் ஆசானிடம் 'இதை உமக்குக் கற்பித்தவர் யார்?' என்று பணிவோடு கேட்கட்டும். விடை செபுவின் கிறித்தவக் கிராமம் ஒன்றில் போய் நின்றாலும், அங்கேயே அவன் நன்றி செலுத்தட்டும்.